தெரியாம இல்ல தம்பி

என் கூடவே இந்த நிதி ஆலோசனைத் தொழிலுக்கு வந்த ஃப்ரெண்டு ஒருத்தன் மதுரையில பிராக்டிஸ் பண்றான். கிளாஸ் எடுக்க மாட்டான், பத்திரிகைக்கு எழுத மாட்டான், கிளையன்ட் உண்டு தான் உண்டுனு இருப்பான். கொஞ்ச நாளைக்கு முன்னாடி போன்ல பேசிட்டு இருக்கும்போது போற போக்குல ஒண்ணு சொன்னான், "நீ எழுதுறது, பாடம் எடுக்கறது எல்லாமே விளம்பரம்டா. விளம்பரம்னு ஒத்துக்கிட்டா ஒரு தப்பும் இல்ல, சேவைனு மட்டும் சொல்லிக்காத." சிரிச்சிட்டு வச்சிட்டேன். ஆனா அது உள்ள போய் உக்காந்துக்கிச்சு. விளம்பரமாங்கிறது கூட எனக்குப் பெரிய விஷயம் இல்ல, என் எழுத்தைப் படிச்சிட்டு தான் பாதி கிளையன்ட் வந்தாங்க, அதை மறைக்க என்ன இருக்கு. எனக்கு உறுத்துனது அதுக்கு அடுத்த கேள்வி. இந்தப் பாடத்தால, இந்தக் கட்டுரைகளால, கேக்குறவங்க பணத்துல ஏதாவது ஒரு முடிவு மாறுதா?

இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சிக்காரங்க ஏற்கனவே ஒரு பதில் வச்சிருக்காங்க, அது எங்க தொழிலுக்கு அவ்வளவு சந்தோஷமான பதில் இல்ல. 2014ல ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர்னு மூணு பேர், அதுவரைக்கும் வந்த 201 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தாங்க. பணத்தை நடத்துற விதத்துல ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துல, பாடத்தால வந்ததுனு சொல்லக்கூடியது வெறும் 0.1 சதவீதம். பாடம் முடிஞ்சு மாசக்கணக்குல போச்சுன்னா அதுவும் தேஞ்சு போயிடுதுன்னாங்க. அப்புறம் 2022ல வேற நாலு பேர், 76 பரிசோதனைகளை வச்சு, இல்ல இல்ல, பாடம் வேலை செய்யத்தான் செய்யுதுனு இன்னொரு பேப்பர் போட்டாங்க. ரெண்டையும் படிச்சேன். ரெண்டாவதை நம்பணும்னு மனசு ஆசைப்படுது, என் அனுபவம் என்னவோ முதல் ஆளுங்க பக்கம் தான் சாயுது. ஆனா அவங்க சொல்ற காரணத்துக்காக இல்ல.

கொஞ்சம் பின்னாடி போறேன். நான் ஆரம்பிச்சப்போ டிஸ்ட்ரிபியூட்டர், ஃபண்டை வித்துக் கமிஷன் வாங்குறவன். மியூச்சுவல் ஃபண்ட்ல போடுற காசுல 2.25 சதவீதத்தை என்ட்ரி லோடுனு முதல்லயே எடுத்து எங்களுக்குக் குடுத்துடுவாங்க, போடுறவருக்கு அது தெரியவே தெரியாது. 2009 ஆகஸ்ட் 1ல, பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்துற செபி அதை நிறுத்துச்சு. 2013 ஜனவரில கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் வந்துச்சு, அதே வருஷம் இன்வெஸ்ட்மென்ட் அட்வைசர் விதிகளும் வந்துச்சு. 2020ல, ஒரு தனி ஆள் கமிஷனுக்கு விக்கலாம், இல்லாட்டி ஃபீஸுக்கு ஆலோசனை சொல்லலாம், ரெண்டும் கூடாதுனு கோடு போட்டாங்க. நான் ஏஆர்என்னை, அதாவது ஃபண்ட் விக்கிறதுக்கான பதிவு எண்ணை, திருப்பிக் குடுத்துட்டு ஃபீஸ் பக்கம் வந்தேன். வீட்ல, "வர்ற காசை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தியா"னு அப்பா கேட்டது இன்னும் காதுல இருக்கு. ஏஆர்என் வச்சிருக்கவங்க நாட்டுல லட்சத்துக்கும் மேல, எங்களை மாதிரி பதிவு பண்ணின அட்வைசருங்க ஆயிரம் பேர் அளவுல தான், இதுலயே தெரியும் எந்தப் பக்கம் சோறு இருக்குனு. ஒரு குடும்பத்துக்கிட்ட வருஷத்துக்கு 1,51,000 ரூபாய் வரைக்கும் ஃபிக்ஸட் ஃபீஸ் வாங்கலாம்னு செபி வரம்பு வச்சிருக்கு, திருச்சியில அதுல பத்துல ஒரு பங்கு கேட்டாலே "ஃபீஸா? எல்.ஐ.சி. ஏஜென்ட் வீட்டுக்கே வந்து ஃப்ரீயா சொல்றாரே சார்"ம்பாங்க. அந்த ஃப்ரீக்கு முதல் வருஷ பிரீமியத்துல கால் பங்குக்கு மேல கூட கமிஷனா போன காலம் உண்டுனு விளக்கி விளக்கி வாய் வலிச்சு, இதை ஒரே தடவையா எல்லாருக்கும் சேர்த்து சொல்லிட்டா என்னனு தான் கிளாஸ் எடுக்கவே ஆரம்பிச்சேன். அதை எழுதிக் குடுங்கனு ஒரு பத்திரிகையில கேட்டாங்க, எழுத்தும் ஆரம்பிச்சுது.

கிளாஸுக்கு யார் காசு குடுக்குறாங்கனு கேட்டா அது தனிக் கதை. ஃபண்ட் கம்பெனிங்க தாங்க நிர்வகிக்கிற பணத்துல வருஷத்துக்கு 0.02 சதவீதத்தை முதலீட்டாளர் விழிப்புணர்வுக்குனு ஒதுக்கணும்னு 2012ல விதி வந்துச்சு. அப்ப அது சின்னத் தொகை. இன்னைக்கு இண்டஸ்ட்ரி 70 லட்சம் கோடியைத் தாண்டிடுச்சு, கணக்குப் போட்டா வருஷத்துக்கு ஆயிரம் கோடி அளவுல வருது. அந்தக் காசுல ஏசி ஹால், பேனர், பிஸ்கட், டீ, பேசுறவருக்கு ஒரு சால்வை. கம்பெனி பேரைச் சொல்லி விக்கக் கூடாது, விக்கவும் மாட்டாங்க, ஆனா கூட்டம் முடிஞ்சதும் வாசல்ல ஒரு தம்பி டேப்லெட்டோட நிப்பார். நான் கொஞ்ச நாள் அதுல போனேன், அப்புறம் நிறுத்திட்டேன். இப்ப நான் எடுக்கிறது பெரும்பாலும் ரிட்டையர் ஆகப் போற ஆசிரியர்களுக்கு, திருச்சி, கரூர், புதுக்கோட்டை பக்கம். சங்கத்துக்காரங்க ஏற்பாடு பண்ணுவாங்க, பஸ் காசும் மதியச் சாப்பாடும். எனக்கு ரொம்பப் புடிச்ச ஆடியன்ஸ் இவங்க தான். நோட்டு எடுத்துட்டு வருவாங்க, மார்ஜின் போடுவாங்க, நான் போர்டுல தப்பா கூட்டினா கடைசி பெஞ்ச்லேர்ந்து ஒரு மேக்ஸ் டீச்சர் திருத்துவாங்க.

அந்த ஹெச்.எம். சார்

என் கிளாஸ்ல எல்லாருக்கும் புடிச்ச அயிட்டம் ஒண்ணு உண்டு. வருஷம் ஒரு லட்சம், இருபது வருஷம் கட்டுறோம், கடைசில 36 லட்சம் வருது, நல்லதா கெட்டதானு கேப்பேன். "இருபது கட்டி முப்பத்தாறு, நல்லது தானே சார்"னு பாதிப் பேர் கை தூக்குவாங்க. உடனே எல்லாரையும் போன்ல எக்ஸெல்லைத் திறக்கச் சொல்லி, வருஷ வட்டி எவ்வளவுனு கண்டுபுடிக்கிற ரேட் ஃபங்ஷனைப் போடச் சொல்லுவேன். இருபது, மைனஸ் ஒரு லட்சம், பூஜ்யம், முப்பத்தாறு லட்சம், ஒண்ணு. என்டர் தட்டினா 5.3 சதவீதம்னு வரும். ஹால்ல ஒரு சலசலப்பு கிளம்பும் பாருங்க, அதுக்காகவே இன்னொரு கிளாஸ் எடுக்கலாம்.

அப்படி ஒரு கிளாஸ்ல ஒரு ஹெச்.எம். சார் இருந்தாரு. ஊர் பேரெல்லாம் வேண்டாம். முதல் வரிசை, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில ரெண்டு பேனா. ரேட் ஃபங்ஷனை முதல்ல போட்டு முடிச்சவர் அவர் தான். போட்டதோட விடல, தன்னோட பழைய மூணு பாலிசியையும் அங்கயே போட்டுப் பார்த்துட்டு, பக்கத்துல இருந்த தமிழாசிரியருக்கும் போட்டுக் குடுத்தாரு. சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம்ல 2023 ஏப்ரல்லேர்ந்து 30 லட்சம் வரைக்கும் போடலாம், 8.2 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை 61,500 ரூபாய் அக்கவுண்ட்ல வந்து விழும்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வருஷத்துக்கு 2,46,000னு அவரே சொன்னாரு. ஒரு பரீட்சை வச்சிருந்தா நூத்துக்கு நூறு.

மே மாசம் ரிட்டையர் ஆனாரு. கிராஜுவிட்டி, கம்யூடேஷன், ஜிபிஎஃப்னு ரிட்டையர்மென்ட் பணம் எல்லாம் ஒண்ணு ஒண்ணா வந்து சேர்ந்துது. ஒரு நாள் காலையில ஒரு பிளாஸ்டிக் கவரோட என் ஆபீசுக்கு வந்தாரு. கவருக்குள்ள புத்தம் புது இன்சூரன்ஸ் பாண்டு. வருஷம் 4,90,000 ரூபாய், அஞ்சு வருஷம் கட்டணும், பத்தாவது வருஷக் கடைசில 34 லட்சம். ஏன் 4,90,000னு எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு. 2023 ஏப்ரல் 1லேர்ந்து எடுத்த பாலிசிங்கள்ல வருஷ பிரீமியம் 5 லட்சத்தைத் தாண்டினா மெச்சூரிட்டிக்கு வரி, அதனால அந்தக் கோட்டுக்கு ஒரு அடி இந்தப் பக்கம் நிறுத்திக் குடுக்குறாங்க. ரிட்டர்ன் 4.2 சதவீதம் வருது. நான் கணக்குப் போடல. அவரே போட்டு, பாண்டு கவருக்கு மேல பென்சில்ல 4.2னு எழுதி, ஒரு வட்டம் போட்டு எடுத்துட்டு வந்திருந்தாரு.

எப்ப சார் கணக்குப் போட்டீங்கனு கேட்டேன். கையெழுத்து போட்ட அன்னைக்கு மத்தியானமா இருக்கும், வீட்டுக்குப் போய் போட்டுப் பார்த்திருப்பாருனு நினைச்சேன். "கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே மனசுக்குள்ள போட்டுட்டேன் தம்பி, நாலரைக்குள்ள தான் வரும்னு தெரிஞ்சுது"ன்னாரு.

அப்புறம் ஏன் சார்?

"தெரியாம இல்ல தம்பி. அவரு நம்ம பேங்க் மேனேஜர். பொண்ணு கல்யாணத்துக்கு லாக்கர் இல்லன்னப்போ அவரு தான் ஏற்பாடு பண்ணிக் குடுத்தாரு. பென்ஷன் அங்க தான் வருது. ரூம்ல உக்கார வச்சு காபி வாங்கிக் குடுத்து, சார் இந்த மாசம் டார்கெட், நீங்க தான் உதவணும்னு கேக்குறாரு. முப்பத்தஞ்சு வருஷம் ஒருத்தர்கிட்டயும் முடியாதுனு சொல்லாமயே ஓட்டிட்டேன். அங்க உக்காந்து எப்படிச் சொல்றது?"

எனக்கு அந்த 0.1 சதவீதம் அன்னைக்குத் தான் புரிஞ்சுது. பாடம் மறந்து போகுது, கணக்கு புரியல, தமிழ்ல சரியான புத்தகம் இல்ல, இதெல்லாம் நாம சொல்லிக்கிற காரணம். இந்த மனுஷனுக்கு எதுவும் மறக்கல. அவர்கிட்ட இல்லாதது ஒரே ஒரு வாக்கியம், அதை நான் என் கிளாஸ்ல சொல்லிக் குடுக்கல, அது பாடம்ங்கிறதே எங்க சிலபஸ் எதுலயும் கிடையாது. அட்வைசர் ஆக நாங்க எழுதுற என்.ஐ.எஸ்.எம். பரீட்சையில ரிஸ்க் இருக்கு, டாக்ஸ் இருக்கு, எஸ்டேட் பிளானிங் இருக்கு. காபி வாங்கிக் குடுத்தவர்கிட்ட எப்படி வேணாம்னு சொல்றதுங்கிறது இல்ல.

யோசிச்சுப் பாருங்க, நம்ம ஊர்ல மோசடிக்குப் பஞ்சமே இல்ல. தொண்ணூறுகள்ல சென்னையில ஃபைனான்ஸ் கம்பெனிங்க வரிசையா கவுந்து, அதுக்காகவே 1997ல தனிச் சட்டம் போட்டாங்க. அப்புறம் தேக்கு மரம். 2012ல பெருந்துறையில ஈமு கோழி. 2022ல ஆருத்ரா, போலீஸ் கணக்குப்படி சுமார் ஒரு லட்சம் பேர், 2,400 கோடிக்கு மேல. ஒவ்வொண்ணுலயும் போட்டவங்களுக்கு முந்துனதோட கதை தெரியாதா? வரி விடாம தெரியும். ஆனா கூட்டிட்டுப் போனது மச்சானா இருக்கும், கோயில் கமிட்டி ஆளா இருக்கும், கூட வேலை பார்த்தவரா இருக்கும். பேராசைன்னு ஒரே வார்த்தையில முடிச்சு வைக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வருது. பாதிக் கேஸ்ல அது தாட்சண்யம்.

சாரோட பாண்டுக்கு ஃப்ரீ லுக் பாக்கி இருந்துச்சு. பாலிசி கைக்கு வந்து 30 நாளைக்குள்ள வேணாம்னு எழுதிக் குடுத்தா, ஸ்டாம்ப் டூட்டி மாதிரி சின்னச் சின்னதா புடிச்சிக்கிட்டு மிச்சத்தைத் திருப்பிக் குடுத்தே ஆகணும். லெட்டர் ரெடி பண்ணோம். பிராஞ்ச்ல குடுக்க வேணாம் சார், அங்க போனா மறுபடியும் காபி வரும், நேரா கம்பெனிக்கு மெயிலும் ரிஜிஸ்டர் போஸ்டும் அனுப்பிடலாம்னேன். மெயில் போன மறுநாள்லேர்ந்து போன் வர ஆரம்பிச்சுது. முதல்ல மேனேஜர், அப்புறம் ரீஜனல் ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா, "சார் உங்களுக்கு யாரோ தப்பா சொல்லியிருக்காங்க"னு. ஒவ்வொரு போனுக்கும் அவர் என்னைக் கூப்பிட்டு என்ன சொல்லணும்னு கேட்டுட்டு, அதை அப்படியே டிக்டேஷன் மாதிரி எழுதி வச்சு, படிச்சாரு. பணம் திரும்பி வந்துது, தபால் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் கணக்கு ஆரம்பிச்சாச்சு. மேனேஜர் இப்பல்லாம் அவரைப் பார்த்தா ஃபைலுக்குள்ள தலையை விட்டுக்கிறாராம், சாருக்கு அது பெரிய வருத்தம். "பாவம் தம்பி, அவருக்கும் டார்கெட்"ங்கிறாரு இன்னமும்.

கிளாஸ்ல நாடகம்

அதுக்கப்புறம் கிளாஸோட பின்பாதியை அப்படியே மாத்திட்டேன். கூட்டு வட்டி ஸ்லைடு, அந்த ஹாக்கி ஸ்டிக் மாதிரி மேல ஏறுற கிராஃப், எல்லாத்தையும் தூக்கியாச்சு. இப்ப ரெண்டு நாற்காலி, நடுவுல ஒரு மேஜை. ஒருத்தர் மேனேஜர், ஒருத்தர் ரிட்டையர் ஆனவர். மேனேஜர் எப்படியாவது கையெழுத்து வாங்கணும், இவர் எப்படியாவது கையெழுத்து போடாம எழுந்து வரணும். முதல் தடவை பண்ணும்போது கூச்சப்படுவாங்களோனு பயந்தேன், ஆனா ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நாடகம் போட்டே வாழ்ந்தவங்க இவங்க, சொல்லவே வேணாம். கரூர் பக்கம் ஒரு தலைமை ஆசிரியை மேனேஜரா உக்காந்தாங்க. வந்தவர்கிட்ட பாலிசியைப் பத்திப் பேசவே இல்ல. பேரன் எப்படி இருக்கான், முழங்கால் வலி தேவலையா, சார் நீங்க சொல்லிக் குடுத்த பாடத்துல தான் என் தம்பி பாஸ் பண்ணான்னு பத்து நிமிஷம் பேசிட்டு, கடைசில ஃபாரத்தை நீட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு"ன்னாங்க. எதிர்ல இருந்த பி.டி. சார் பேனாவை எடுத்துட்டாரு. ஹாலே சிரிச்சுது, அவரும் சிரிச்சாரு, ஆனா அந்தப் பேனா மூடி கழண்டு கையில இருந்ததை எல்லாரும் பார்த்தாங்க.

பழகப் பழக வழியெல்லாம் அவங்களே கண்டுபுடிக்கிறாங்க. "வீட்ல கேட்டுச் சொல்றேன்" பழசு, மேனேஜர் "அம்மாவையும் கூட்டிட்டு வாங்களேன்"னுடுவாரு. "பையன் சிங்கப்பூர்ல இருக்கான், எல்லாம் அவன் தான் பாக்குறான்"ங்கிறது நல்லா வேலை செய்யுது, பையன் சிங்கப்பூர்ல இல்லாதவங்களுக்கும். ஒரு டீச்சரம்மா, "இந்த மாசம் ஆடி, புதுசா எதுவும் ஆரம்பிக்க மாட்டோம்"னாங்க, அதுக்கு பதில் சொல்ல மேனேஜரா உக்காந்திருந்த நானே திணறினேன். பொய் சொல்லிக் குடுக்கிறோமேனு ஒருத்தர் ஆட்சேபிச்சாரு, நியாயம் தான். ஆனா "எனக்கு விருப்பம் இல்ல"ங்கிற நேர் வாக்கியத்தை அறுபது வயசுல முதல் தடவையா ஒரு பேங்க் மேனேஜர் ரூம்ல சொல்லிப் பழகுனு சொல்றதுக்கு எனக்கு மனசு வரல.

எழுத்துல இன்னொரு வம்பு

எழுத்து பக்கம் பிரச்சனை வேற மாதிரி. கிளாஸ்ல சொன்னது ஆள் கூடவே நிக்கும், எழுதினது தனியா ஊர் சுத்தப் போயிடும். இதுக்கு வில்லியம் பெங்கனை விட நல்ல உதாரணம் கிடையாது. அமெரிக்காவுல எங்களை மாதிரி ஒரு பிளானர். எம்.ஐ.டி.ல விமானப் பொறியியல் படிச்சவரு, குடும்பத்தோட கூல்டிரிங்க்ஸ் பாட்லிங் பிசினஸைப் பார்த்துட்டு, அப்புறம் கலிஃபோர்னியாவுல இந்தத் தொழிலுக்கு வந்தாரு. ரிட்டையர் ஆனா வருஷத்துக்கு எவ்வளவு எடுத்துச் செலவு பண்ணலாம்னு கிளையன்ட்டுங்க கேக்குற கேள்விக்குத் தேடிப் பார்த்து உருப்படியா பதில் கிடைக்காம, 1926லேர்ந்து இருந்த அமெரிக்க மார்க்கெட் கணக்கை எடுத்துப் போட்டு, 1994 அக்டோபர்ல ஒரு கட்டுரை எழுதினாரு. அதுதான் 4 சதவீத விதி: சேமிப்புல முதல் வருஷம் 4 சதவீதம் எடுக்கலாம், அதாவது வருஷச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்து வச்சிருக்கணும். கட்டுரையில நிபந்தனை எல்லாம் சுத்தமா இருக்கு, அமெரிக்கா, முப்பது வருஷம், பாதிக்குக் குறையாம பங்குகள்ல, பணவீக்கத்துக்கு ஏத்தபடி ஏத்திக்கிட்டே போறது. வெளிய வந்தது "4 சதவீதம்" மட்டும் தான். முப்பது வருஷம் கழிச்சு, 2025ல அவரே அதை 4.7னு மாத்திட்டாரு, அதை யார் கேட்டா.

நான் இதைப் பத்தி எழுதின கட்டுரையில முக்காவாசி இடம் நிபந்தனைக்கே போச்சு. அப்படியும் சென்னை ஓ.எம்.ஆர்.ல வேலை பாக்குற ஒரு வாசகர், முப்பத்தெட்டு வயசு, வருஷச் செலவு 12 லட்சம், 25 மடங்கு 3 கோடி சேர்ந்துடுச்சு சார், முழுக்க எஃப்.டி.ல இருக்கு, பேப்பர் போட்டு வேலையை விட்டுடலாமானு கேட்டு எழுதியிருந்தாரு. அவருக்குத் தேவை முப்பது வருஷம் இல்ல, அம்பது. பங்கு ஒண்ணு கூட கிடையாது. ரூபாய்ல செலவு. நான் எழுதினதுல அவர் எடுத்துக்கிட்டது அந்த 25 மட்டும். அவர் மேல தப்பு இல்ல, அவர் அதைத் தேடித்தான் வந்தாரு. எடிட்டரும் கேக்குறது அதைத்தான், "சார் இந்த வாரம் டாப் அஞ்சு ஃபண்ட் மாதிரி ஏதாவது..." அப்படி எழுத முடியாது, எழுதவும் கூடாது. யூடியூப்ல பாடம் மட்டும் தான் எடுக்கிறேன்னு சொல்றவங்களுக்கு, கடைசி மூணு மாச விலையைக் காட்டிப் பேசக் கூடாதுனு 2025 ஜனவரில செபி சொன்னப்போ நிறைய பேர் கத்தினாங்க, எனக்கு அது சரினு தான் பட்டுது. பாடம்னா பழைய கணக்கு போதும். நேத்து விலை வேணும்னா நீங்க பாடம் எடுக்கல.

இப்ப நான் பத்திரிகையில எழுதுறது பெரும்பாலும் லெட்டர். ஃப்ரீ லுக் கடிதம் எப்படி எழுதணும், நாமினி பேரை மாத்த என்ன ஃபாரம், பேங்க்ல லாக்கருக்குக் கூடவே பாலிசி எடுன்னா யாருக்கு புகார் பண்ணணும். இலக்கியத்தரம் பூஜ்யம். ஆனா புதுக்கோட்டையில ஒரு ஜெராக்ஸ் கடையில என் ஃப்ரீ லுக் லெட்டரை ஃபிரேம் மாதிரி லேமினேட் பண்ணி, காப்பி ரெண்டு ரூபாய்னு வச்சிருந்ததைப் பார்த்தேன், என் பேர் கூட இல்லாம. இத்தனை வருஷமா எழுதினதுல அவ்வளவு பெருமையா எதுவும் இருந்ததில்ல. அதை போட்டோ எடுத்து விளம்பரத்துக்குப் போடலாமானு கேட்டா அதுவும் முடியாது, பயனடைஞ்சவங்க சாட்சியம் மாதிரி எதையும் அட்வைசருங்க போடக் கூடாதுனு 2023லயே சர்குலர் இருக்கு.

நாடகத்தோட கடைசில எல்லாருக்கும் என் நம்பரைக் குடுத்துடுறேன். யார் எதை நீட்டினாலும், பாத்ரூம் போறேன்னு எழுந்து வந்து எனக்கு ஒரு போன் பண்ணுங்க, அவ்வளவு தான்னு சொல்லுவேன். பண்றாங்க. மார்ச் மாசத்துல நிறைய வரும். இதுல சிக்கல் என்னன்னா, அக்ரிமென்ட் போடாம, ரிஸ்க் புரொஃபைல் எடுக்காம நான் யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது, அதனால எதை வாங்கலாம்னு வாயைத் திறக்க மாட்டேன். இன்னைக்குக் கையெழுத்து போடாதீங்க, பேப்பரை போட்டோ எடுத்துட்டு வீட்டுக்குப் போங்கனு மட்டும் சொல்லிட்டு, தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி வச்சிக்கிறேன். வருஷா வருஷம் கம்ப்ளையன்ஸ் ஆடிட் பண்ற சி.ஏ. இந்தத் தடவை அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, இதெல்லாம் கிளையன்ட்டானு கேட்டாரு. இல்லன்னேன். ஃபீஸ்? இல்ல. அப்ப இதை எந்த ஹெட்ல காட்டுறதுனு அவர் யோசிச்சிட்டு இருக்கும்போதே போன் அடிச்சுது, மணப்பாறைலேர்ந்து ஒரு டீச்சர், "சார், பாத்ரூம்ல இருந்து பேசுறேன்."